உழவாரம் முதல் உழவியந்திரம் வரை

சரவணம் என்னும் சொல்லுக்கு நாணற் காடு என்பது பொருள். முருகப்பெருமான் குழந்தையாய்த் தவழ்ந்த பொய்கைக்குச் சரவணப் பொய்கை என்னும் பெயர் அமைந்ததும் அதனைச் சூழ நாணல் செறிந்திருந்தமையாலாம். நாணலோ புல்லினத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, வேலணைக்கும் நாரந்தனைக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் சரவணை என்னும் ஊர், தன் பெயரினாலேயே அப்புல்லை நமக்கு நினைவூட்டி நிற்கின்றது.

பெயரிலே புல் இருப்பினும், அவ்வூரார்க்குப் புல் எக்காலமும் எளிதிற் கிடைத்த பொருளன்று. ஆண்டிற் சில மாதங்களே அது தழைக்கும். எஞ்சிய மாதங்களில் அதனைத் தேடி அலையவேண்டும். அத்தகைய மண்ணிற் பிறந்தார் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறி, வீட்டு முன்றிலிலே புல்லை நீர்விட்டு வளர்த்து, கோடைகாலத்தில் வாரந்தோறும் பொறிகொண்டு வெட்டுகின்றனர். பரந்த முற்றமுடையார் சிறிய உழவியந்திரம் ஒன்றினைச் செலுத்தி, அதன் வயிற்றின்கீழ்ப் பூட்டிய வெட்டுத்தட்டினால் ஒரு மணி நேரத்துள் அவ்வேலையை முடித்துவிடுகின்றனர். தந்தையர் கடகத்திற் சுமந்து சேர்த்த புல்லை மைந்தர் வெட்டி எறியும் இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? புல்வெட்டும் கருவிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து இதற்கு விடை கிடைக்கும்.

தரவையும் புல்லும்

ஒல்லாந்தரால் லைடன் எனப் பெயரிடப்பெற்ற வேலணைத் தீவு, ஏனைய தீவுகளைப் போலவே, சுண்ணக்கற் பாறையின்மீது அமைந்தது. மேல்மண் மிக மெல்லியது. ஆறு இல்லை. யாழ்ப்பாணப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி வாடைக்காற்றோடு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களுள் பெய்து முடிந்துவிடும். அதன்பின் வெயிலும் உவர்க்காற்றுமே ஆட்சி புரியும்.

தீவகத்தின் தாழ்ந்த, மரமற்ற, பரந்த வெளிகளை மக்கள் தரவை என வழங்குவர். மாரியில் நீர் தேங்கி நிற்கும் இத்தரவைகள், நீர் வற்றத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களிற் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் காட்சி தரும். பங்குனி, சித்திரையில் அப்பசுமை மஞ்சளாகும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியிற் புழுதியே மிஞ்சும். ஆகவே தரவையின் புல் ஒரு பருவப் பயிர் போன்றது. அதனை விதைப்பாரும் இல்லை; நீர் பாய்ச்சுவாரும் இல்லை; ஆயினும் அதன் வரவை எதிர்பார்த்திருப்பார் பலர்.

மாடும் ஆடும் அப்புல்லை மேய்ந்து பாலும் எருவும் தந்தன. இரவிலே அவற்றைத் தோட்ட நிலத்திற் பட்டியடைத்து, அந்த எருவினால் மெலிந்த மண்ணுக்கு வலிமை சேர்த்தனர். ஆகவே தரவையிற் செழித்த புல்லே தோட்டத்தில் விளைந்த பயிராக உருமாறிற்று எனின் அது மிகையாகாது. புல் தீர்ந்த காலத்தில் வைக்கோலும், கிழித்த பனையோலையும், பூவரசங் குழையும் கால்நடைகளைக் காத்தன. பண்டைத் தமிழர் முல்லையை ஆயர் நிலமாக வகுத்தபோது காட்டையும் அதனைச் சார்ந்த இடத்தையுமே கருதினர். தீவகத்தார் தம் ஆநிரைகளுக்குரிய முல்லையைக் கடலோரத்து உவர்வெளியிற் கண்டனர்.

குடிமக்களேயன்றி ஆண்டவரும் இப்புல்லின் அருமையை அறிந்திருந்தனர். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நெடுந்தீவின் மேய்ச்சல் வெளிகளிற் குதிரைகளை விட்டவர் போர்த்துக்கேயர் என்பது வழிவழி வந்த செய்தி. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்ப்பைத் தொடர்ந்து நடத்தினர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் என்பார் அத்தீவின் பொறுப்பிலிருந்து அதனைப் பேணினார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. கட்டவிழ்ந்து பெருகிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தரவைகளில் மேய்கின்றன; கடும் வறட்சியில் நீரும் தீனியுமின்றி அவை மாள்வதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தீவகத்துப் புல் எத்துணை உயிர்களைத் தாங்குகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உழவாரப் படை

தரவைப் புல்லைக் கால்நடைகளே வெட்டின. மனிதன் வெட்ட வேண்டிய புல் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று கோயில் வீதி, மற்றொன்று தோட்டம். இவ்விரண்டிற்கும் நம் முன்னோர் கைக்கொண்ட கருவி உழவாரமாகும்.

கி. பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தை உழவாரப் படையோடன்றி எக்கோயிலிலும் காண்டல் அரிது. அரசவை மதித்த பெரும் புலவர் ஒருவர், கோயில் தோறும் சென்று, திருவீதிகளில் முளைத்த புல்லைத் தம் கையாற் செதுக்கினார். அவர் கையிலிருந்த கருவியைப் படை என்று பெயரிட்டு வழங்கியமை நோக்கத்தக்கது. அடியார் நடக்கும் வழியில் முள்ளும் புல்லும் இராதவாறு காத்தல் சிவத்தொண்டாகவே மதிக்கப்பட்டது. இக்கருத்தின்படி முற்றத்தில் முளைக்கும் புல் அகற்றப்பட வேண்டியதாகும். திருவலகிட்டு மெழுகிய வெறுந் தரையே தூய்மையின் அடையாளம். யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களும் இந்நெறியையே பின்பற்றின. நாள்தோறும் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றத்திற் புல் தலைகாட்டின், வீட்டார் சோம்பர் என்று அயலார் கருதுவர்.

தோட்டத்தில் உழவாரம் புரிந்த பணி வேறு வகையானது. பயிரினிடையே முளைத்த புல்லைப் பெண்கள் குந்தியிருந்து செதுக்குவர். பேச்சு வழக்கில் இதனைச் செருக்குதல் என்பர். உழவாரத்தின் தட்டையான அலகு மண்ணை ஒட்டிச் சென்று புல்லை வேரடியில் அறுக்கும். அப்புல்லை மண் போக உதறி, கடகத்தில் அடைந்து, தலையிற் சுமந்து சென்று பசுவுக்கு இடுவர். பயிருக்குக் களை நீங்கிற்று. பசுவுக்குத் தீனி கிடைத்தது. ஒரே வினையால் இரண்டு பயன் விளைந்தமையின், வெட்டிய புல்லை என் செய்வது என்னும் வினா அங்கே எழவே இல்லை.

புல்வகையுள் அறுகுக்கு நம்மவர் கொடுத்த இடம் தனிச் சிறப்புடையது. விநாயகப் பெருமானுக்கு அறுகு சாத்துவர். மணமக்களுக்கு அறுகரிசி இட்டு வாழ்த்துவர். அறுகு போல வேரூன்றிப் படர்க என்பதே அவ்வாழ்த்தின் கருத்து. தாவரவியலார் கூற்றும் இதற்கு ஒத்தே இருக்கின்றது. மரம் செடிகளின் வளர்முனை பெரும்பாலும் நுனியில் இருப்பது. நுனியைக் கிள்ளினால் அக்கிளையின் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்முனையோ அடியில், மண்ணை ஒட்டி இருப்பது. ஆகவே இலையை மாடு மேய்ந்தாலும் கத்தி அறுத்தாலும் அது மீண்டும் தழைக்கும். புற்றரை என்னும் ஒன்று உலகில் இயல்வதற்கு இவ்வொரு தன்மையே அடிப்படையாகும்.

புற்றரை பிறந்த நாடு

முற்றத்திற் புல்லை வேண்டுமென்றே வளர்த்து, அதனை ஒரே உயரமாக வெட்டி, அவ்வழகைக் கண்டு மகிழும் வழக்கம் வடமேற்கு ஐரோப்பாவில், சிறப்பாக இங்கிலாந்தில், வேரூன்றியது. ஆண்டு முழுவதும் மென்மழை பெய்வதும் கடும் வெயில் இல்லாமையும் அந்நாட்டிற் புல்லுக்கு வாய்த்த பேறுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த பெருநிலக்கிழார் தம் மாளிகைகளைச் சூழப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். லான்சலொட் பிரவுண் (1716–1783) போன்ற தோட்டக் கலைஞர் இவ்வமைப்பிற் புகழ்பெற்றனர். அவ்வெளிகளின் பெரும்பகுதியை ஆடுகளும் மான்களுமே மேய்ந்து சமன் செய்தன. அவை மாளிகை வாயிலுக்கு வாராதபடி, கண்ணுக்குப் புலப்படாத பள்ளவேலிகளை அகழ்ந்தனர்.

மாளிகையை ஒட்டிய பகுதியை மட்டும் ஆட்கள் நீண்ட பிடியுள்ள அரிவாளால் வெட்டினர். பனி ஈரம் புலராத விடியற்காலையிலேயே இவ்வேலை நடைபெறும். உலர்ந்த மெல்லிய புல் அலகுக்கு முன் வளைந்து தப்பிவிடும். கைதேர்ந்த ஒருவன் நீண்ட அரிவாளால் வைக்கோற் புல்லை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் அறுப்பான். புற்றரையை மயிர் களைந்தாற்போல ஒட்ட வெட்டுதலோ இதனினும் கடினமான வேலை. ஆகவே வெட்டிய புற்றரை என்பது, உணவும் தீனியும் விளைவிக்காத நிலத்தையும் அதனைப் பேணும் கூலியாட்களையும் தாங்கவல்ல செல்வத்தின் அறிகுறியாயிற்று.

ஆயினும் புற்றரையும் மேய்ச்சல் நிலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை வரலாறு சில வேளைகளில் நினைவுபடுத்தியது. லண்டனிலுள்ள லோர்ட்ஸ் துடுப்பாட்ட மைதானத்தில் முற்காலத்தில் ஆடுகளே புல்லை மேய்ந்து ஆடுகளத்தைச் சமன் செய்தன. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1918இல், அமெரிக்க ஜனாதிபதி வூட்றோ வில்சன் வெள்ளை மாளிகைப் புற்றரையில் ஆட்டு மந்தையை மேயவிட்டார். புல் வெட்டும் ஆட்செலவு மிஞ்சிற்று. அவ்வாடுகளின் உரோமத்தை ஏலமிட்டு 50,000 டொலருக்கு மேற்பட்ட பணம் செஞ்சிலுவைச் சங்கத்திற்குச் சேர்க்கப்பட்டது.

பட்டிங் கண்ட பொறி

புல்வெட்டும் பொறியின் தாயகம் தோட்டமன்று, துணியாலை ஆகும். இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலுள்ள ஸ்றவுட் நகரச் சூழலிற் கம்பளித் துணியாலைகள் மிகுதி. நெய்த துணியின்மேல் மேடும் பள்ளமுமாக நிற்கும் நூல் மயிரைச் சமனாகக் கத்தரிப்பதற்கு, அவ்வாலைகளில் உருளைமீது சுருளாகப் பொருத்திய கத்திகள் சுழன்றன. எட்வின் பேர்ட் பட்டிங் என்னும் இயந்திர வினைஞர் அதனைக் கண்டு, துணிமேல் நிற்கும் மயிரும் தரைமேல் நிற்கும் புல்லும் ஒன்றே என எண்ணினார். 1830ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள் தம் புதிய பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

இரும்பாலான அப்பொறி 19 அங்குல அகலத்திற்கு வெட்டியது. பின்னுள்ள உருளை தரையில் உருளும்போது பற்சில்லுகள் கத்தியுருளையை விரைந்து சுழற்றின. சுழலும் கத்தி, கீழேயுள்ள அசையாத அலகோடு சேர்ந்து, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்கிற்று. நறுக்கிய புல் முன்னாலுள்ள தட்டத்தில் வீழ்ந்தது. நாட்டுப்புறப் பிரபுக்கள் தாமே இதனைத் தள்ளின், அது பொழுதுபோக்கும் உடற்பயிற்சியும் ஆகும் எனப் பட்டிங் தம் பத்திரத்தில் எடுத்துரைத்தார். அன்றுவரை கூலியாளின் வேலையாயிருந்த புல்வெட்டு, கனவானின் பொழுதுபோக்காக மாறுவதற்கு வித்திட்ட கூற்று அதுவாகும்.

லண்டன் மிருகக்காட்சித் தோட்டத்தினரும் ஒக்ஸ்போர்ட் கல்லூரியினரும் இப்பொறியை முதலில் வாங்கியோருட் சேர்ந்தவர். 1832இல் இப்சுவிச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் இதனைச் செய்து விற்கும் உரிமை பெற்றது. 1840களின் தொடக்கத்தில் ஸ்கொத்லாந்தின் ஆபுரோத் நகரத்து அலெக்சாந்தர் சாங்ஸ் என்பார், மட்டக்குதிரை இழுக்கும் அகன்ற பொறியை ஆக்கினார். குளம்பு பட்டுப் புற்றரை குழிபடாமைப்பொருட்டுக் குதிரைக்குத் தோற் பாதரட்சை அணிவித்தனர். இந்தியாவின் மைதானங்களில் அப்பணியை எருதுகள் ஏற்றன. 1893இல் லங்காசயரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியால் இயங்கும் பொறிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெற்றோற் பொறியை விற்பனைக்கு விட்டது.

பொறியும் விளையாட்டும் ஒன்றையொன்று வளர்த்தன. 1874இல் புற்றரை ரெனிசுக்கு உரிமைப் பத்திரம் எழுந்தது. 1877இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது. மட்டமாக வெட்டிய தரையின்றிப் பந்து ஒழுங்காக எழாது ஆகலின், பட்டிங்கின் பொறியின்றி இவ்விளையாட்டும் இல்லை எனலாம். ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் புற்றரையும் துடுப்பாட்டமும் உடன் சென்றன. இலங்கையும் அவற்றை ஏற்றது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டி, அவ்வழக்கம் வடக்கே ஊன்றிய ஆழத்தைக் காட்டும்.

இங்கே ஒரு வியப்புண்டு. வெப்ப நாடுகளின் மைதானங்களுக்கு இங்கிலாந்துப் புல் உதவவில்லை. வெயிலையும் மிதிப்பையும் தாங்கிப் படரும் புல் தேடியபோது கிடைத்தது நம் அறுகே. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ரிப்ரன் நகர ஆய்வு நிலையத்தில், கிளென் பேட்டன் என்னும் அறிஞர் அறுகோடு அதன் ஆபிரிக்க உறவினத்தைக் கலந்து புதிய புல்வகைகளைத் தோற்றுவித்தார். 1960இல் வெளியிடப்பட்ட அவற்றுள் ஒன்று, உலகின் பல விளையாட்டு மைதானங்களிற் பரவியது. விநாயகருக்குச் சாத்தும் அறுகும் மைதானத்தில் மிதிபடும் அறுகும் ஒரே குலத்தன.

உழவியந்திரமும் வெட்டுத்தட்டும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புல்வெட்டின் முறையே மாறிற்று. கத்தரிக்கோல் போல நறுக்கும் உருளைக்குப் பதிலாக, தரைக்குச் சமாந்தரமாக விசிறிபோற் சுழலும் தனி அலகு பெருவழக்காயிற்று. இம்முறையில் வேகமே கூர்மையின் குறையை ஈடுசெய்யும். 1952இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மேர்வின் விக்டர் றிச்சட்சன் ஆக்கிய விக்டா என்னும் எளிய பொறி, இம்முறையை நடுத்தரக் குடும்பங்களின் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் உழவியந்திரமும் சிறுத்து வந்தது. ஹரி பேர்குசன் 1926இல் உரிமை பெற்ற மும்முனை இணைப்பு, கலப்பையையும் பிற கருவிகளையும் உழவியந்திரத்தின் உறுப்பே போல உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தது. அமெரிக்காவின் இன்டர்நஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனம் 1947இல் பார்மோல் கப் என்னும் சிறிய உழவியந்திரத்தையும், 1955இல் அதன் தாழ்ந்த வடிவத்தையும் வெளியிட்டது. அவற்றின் வயிற்றின்கீழே புல்வெட்டும் தட்டைப் பொருத்தினர். யப்பானின் கியூபோட்டா நிறுவனம், சிறு வயல்களுக்கென ஆக்கிய 21 குதிரைவலுவுள்ள உழவியந்திரத்தை 1969இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. நெல்வயலுக்குப் பிறந்த இப்பொறிகள் அங்கே பெரும்பாலும் புற்றரைக்கும் தோட்டத்திற்குமே பயன்பட்டன. நம் நாட்டில் லான்ட்மாஸ்ரர் என்னும் பெயரோடு உழவுக்கு வந்த இரு சில்லு உழவியந்திரத்தின் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. சிறிய நிலத்திற்குச் சிறிய பொறி என்னும் ஒரே கருத்து, ஓரிடத்தில் வயலுக்கும் மற்றோரிடத்தில் முற்றத்திற்கும் உதவிற்று.

வெட்டுத்தட்டு என்பது கவிழ்த்த தாம்பாளம் போன்ற ஓர் உருக்குக் கூடு. அதனுள் இரண்டு அல்லது மூன்று அலகுகள் சுழலும். உழவியந்திரத்தின் வலுவைச் சுழற்சித் தண்டு ஒன்று கூட்டின் மேலுள்ள பற்சில்லுப் பெட்டிக்குச் சேர்க்க, வார்ப்பட்டிகள் அதனை அலகுகளுக்குப் பகிரும். ஒவ்வோர் அலகின் பின்விளிம்பும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அவ்வளைவு காற்றை மேலே இழுத்து, படுத்த புல்லை நிமிர்த்தும். நிமிர்ந்த புல்லை அலகின் நுனி அறுக்கும். அறுந்த புல்லைக் காற்றே பக்கவாயால் வெளியேற்றும். அலகுகளிடையே வெட்டாத கீற்று எஞ்சாதவாறு ஒன்றன் பாதை மற்றொன்றன் பாதையைச் சிறிது மேவும்படி அமைப்பர். மேடான இடங்களில் தட்டு தரையைச் சுரண்டாதபடி சிறு உருளைகள் காக்கும்.

60 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர், அகலமுடைய தட்டினை மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்திற் செலுத்துவதாகக் கொள்வோம். திரும்பும் நேரத்தையும் மேவும் அகலத்தையும் ஐந்திலொரு பங்கு எனக் கழித்தால், மணிக்கு 6,000 சதுர மீற்றர் வெட்டலாம். யாழ்ப்பாணக் கணக்கில் இது ஏறத்தாழ 24 பரப்பு ஆகும். நீண்ட அரிவாளுடையான் ஒருவன் ஒன்றரை நாளிற் செய்த வேலையை இப்பொறி ஒரு மணியிற் செய்கின்றது.

வலிமையுள்ள பொறிக்கு விதிகளும் உண்டு. ஒரு முறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மிகுதியாக வெட்டின் வேர் மெலியும். ஈரப்புல்லை வெட்டின் அது தட்டினுள் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றின் சில்லுத்தடம் பதியாது. மழுங்கிய அலகு புல்லை அறுக்காது கிழிக்கும். கிழிந்த நுனி இரண்டொரு நாளில் வெளிறிவிடும். இவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. அலகு நுனியின் வேகம் நிமிடத்திற்கு 19,000 அடியைத் தாண்டலாகாது என அமெரிக்கத் தரவிதி வரையறுத்துள்ளது. அவ்வளவு வேகத்தில் அகப்படும் சிறு கல்லும் எறிபடையாகும். ஆகவே வெட்டுமுன் நிலத்தை நடந்து பார்த்துக் கல்லும் கம்பியும் பொறுக்குதல் வேண்டும். சரிவிற் குறுக்கே செல்லும் உழவியந்திரம் கவிழக்கூடும். கவிழ்வோரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய உழவியந்திரங்களுக்குச் சட்டத்தாற் கட்டாயமாக்கிய முதல் நாடு சுவீடன், ஆண்டு 1959.

கடல் கடந்த தீவகத்தார்

1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னரும், 1990இல் யுத்தம் தீவகத்தைச் சூழ்ந்த பின்னரும், அம்மக்களிற் பெருந்தொகையினர் ஊரை விட்டகன்றனர். சிலர் குடாநாட்டிலும் வன்னியிலும் தங்கினர். பலர் கடல் கடந்தனர். ஆளற்ற வீடுகளைப் பற்றையும் செடியும் மூடின. கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளே வளவுகளுக்கு உடையவராயின. அன்று உழவாரம் படாத முற்றத்திற் புல் வளர்ந்தமை வறுமையினாலும் அன்று, சோம்பலினாலும் அன்று. செதுக்குவார் இல்லாமையே அதற்குக் காரணம்.

அவ்வாறு சென்றோர் ரொறன்ரோ போன்ற நகரங்களில் வீடு வாங்கியபோது, வீட்டோடு புற்றரையும் அவர்க்கு உடைமையாயிற்று. அந்நகரத்தின் துணைவிதிப்படி முற்றத்துப் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரலாகாது. வளரின் நகரசபை அறிவித்தல் அனுப்பும். அதன் பின்னும் வெட்டாவிடின் தானே வெட்டுவித்துச் செலவை உடையவரிடம் அறவிடும். சரவணையில் முழங்காலளவு புல் நிற்கும் தரவையைக் கண்டால், கால்நடை வைத்திருப்போர் மனம் குளிரும். ரொறன்ரோவில் அதே புல் குற்றமாகும். புல்லில் மாற்றம் ஒன்றும் இல்லை. அதனைக் காண்பார் நின்ற சமுதாயமே மாறிற்று.

இதில் எள்ளத்தக்கது ஒன்றுமில்லை. புதிய மண்ணின் ஒழுக்கத்தைத் தழுவுதல் குடியேறினோர் கடமை. அன்றியும், தீவகத்து வீட்டார் கூட்டிய மணல் முற்றத்தினால் அயலார்க்குக் காட்டிய ஒழுங்கினையே, அவர் மக்கள் வெட்டிய புற்றரையினாற் காட்டுகின்றனர். முற்றம் வீட்டாரின் முகம் என்னும் கொள்கை இரண்டிடத்தும் ஒன்றே.

ஆராய வேண்டிய வினா

இக்காலத்தில் வடபுலத்துப் பாடசாலை மைதானங்களிலும் கோயில் வீதிகளிலும் தோளில் மாட்டிய பெற்றோற் பொறிகளே புல்லை வெட்டுகின்றன. ஊரை மறவாத பழைய மாணவர் நன்கொடையாற் பெரிய பொறிகளும் வரக்கூடும். வெட்டுத்தட்டுடைய சிறிய உழவியந்திரம் ஒன்று பல பாடசாலை மைதானங்களுக்குப் பொதுவாக உதவுமாயின், அது நன்மையே. ஒரு மைதானத்தைப் பிள்ளைகள் நாட்கணக்கிற் செதுக்கிய காலம் மீள வேண்டியதில்லை.

ஆயினும் பொறியோடு அது பிறந்த நாட்டின் கருத்தும் உடன் வருதல் இயல்பு. புல் என்பது வெட்டி எறியத்தக்கது, நிலம் என்பது ஆண்டு முழுவதும் பச்சையாயிருத்தல் வேண்டும் என்பன மழை மிகுந்த நாட்டின் கருத்துகளாகும். நன்னீர் அரிதாகிய சுண்ணக்கற் றீவிற் புற்றரைக்கு நீர் பாய்ச்சுவது குடிநீரைப் புல்லுக்கு வார்ப்பதாகவே முடியும். தரவையைப் பயனற்ற வெறுநிலம் எனக் கருதி அதனைச் சமன்படுத்தி அடைப்பதும் பெருந் தவறாகும். கல்லும் பாறையும் மறைந்து கிடக்கும் தரவையில் வெட்டுத்தட்டுக்கு வேலை இல்லை. அங்கே மாடும் ஆடும் நெடுந்தீவில் குதிரையும் தம் வாயினாலேயே வெட்டி, வெட்டியதைப் பாலாகவும் எருவாகவும் திருப்பித் தருகின்றன.

மைதானத்திற் பொறி ஓடட்டும். மாரி முடிந்து புல் செழித்து நிற்கும் தை, மாசி மாதங்களில் வெட்டிய புல்லைச் சாக்கிற் சேர்த்து அயலிலுள்ள பசுக்களுக்குக் கொடுப்பதற்கோ, உலர்த்திக் கோடைக்கெனச் சேமிப்பதற்கோ ஒழுங்கு செய்யலாம். பட்டிங்கின் முதற் பொறியிலும் புல்லை ஏந்தும் தட்டம் ஒன்று இருந்தமை இங்கே நினைக்கத்தக்கது. ஏந்திய புல்லை எங்கே கொட்டுவது என்று அப்பொறி சொல்லவில்லை. அதற்கு விடை, உழவாரத்தாற் செதுக்கிய புல்லைக் கடகத்திற் சுமந்து சென்று பசுவின் முன் இட்ட தீவகத்துத் தாய்மாரிடம் முன்னமே இருந்தது.